tmp-இல் வைத்த பல் படங்கள்

ஜூன் 3, திங்கள்

டாக்டரம்மா இன்று காலை என்னையும் முத்துப்பல்லையும் உள்ளே கூப்பிட்டார். முத்துப்பல் என்றால் என் பக்கத்து நாற்காலி. இந்தப் பல் ஆஸ்பத்திரிக்குப் போர்டே வேண்டாம், கவுண்டரில் அந்தப் பொண்ணு சிரித்தால் போதும் என்று வருகிறவர்கள் எல்லாம் சொல்வார்கள். பதினோரு வருஷமாக நானும் அதே கவுண்டரில்தான் உட்கார்ந்திருக்கிறேன். என்னைப் பார்த்து யாரும் அப்படிச் சொல்லிவிடவில்லை.

விஷயம் இதுதான். எக்ஸ்ரே படங்களைச் சேர்த்து வைக்கும் பெரிய கம்ப்யூட்டர் ஸ்டோர் ரூமில் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த சிஸ்டம்காரர் இரண்டு மாதம் முன்னால் வேலையை விட்டுப் போய்விட்டார். அவர் லேப்டாப்பில் ஒரு பென்குயின் ஸ்டிக்கர் இருக்கும், அதனால் அவருக்கே அந்தப் பேர். பேர் சொன்னால் படம் எடுத்துக் கொடுக்கிற மாதிரி ஏதோ செய்து வைத்திருந்தார். போன வாரம் அது படுத்துவிட்டது. படங்கள் உள்ளே பத்திரமாக இருக்கின்றனவாம். எங்கே? யாருக்கும் தெரியாது. என்ன பேரில்? வெறும் நம்பர்.

“இருபத்தெட்டாம் தேதி வரைக்கும் டைம். உங்க ரெண்டு பேர்ல யாராவது ஒழுங்கு பண்ணிட்டீங்கன்னா சரி. இல்லைன்னா அந்தக் கம்பெனிக்காரர்கிட்ட மொத்தமா ஒப்படைச்சிடுவேன். அவங்க மெஷினே டோக்கன் குடுத்துடுமாம். அப்புறம் முன்னாடி ஒரு ஆள் போதும்.”

ஒரு ஆள். எந்த ஆள் என்று சொல்லவில்லை. யார் முடித்துக் காட்டுகிறாளோ அவள் இருப்பாள், மற்றவள் போவாள் என்றுதான் எனக்குக் கேட்டது. முத்துப்பல் சிரித்தாள்.

ஜூன் 4, செவ்வாய்

பென்குயின் போகும்போது ஒரு நோட்டு விட்டுவிட்டுப் போனார். ஆசையாகத் திறந்தேன். முதல் பக்கத்தில் லாகின் பேர், பாஸ்வேர்டு. இரண்டாம் பக்கத்தில் ஒரே வரி: “எல்லாம் / இலிருந்துதான் தொடங்குகிறது.” மீதி எண்பது பக்கமும் வெள்ளை. ரொம்ப நன்றி சாமி.

வீட்டுக் கம்ப்யூட்டரில் C என்று ஒன்று, D என்று ஒன்று, அது அது பாட்டுக்கு இருக்கும். இங்கே அந்தப் பேச்சே கிடையாது. ஒரு சாய்ந்த கோடு, அதற்குக் கீழேதான் சகலமும். அந்தக் கோட்டுக்கு வேர் என்று பேராம். வேர் மேலே, கிளையெல்லாம் கீழே. யோசித்த ஆள் தலைகீழாக நின்று யோசித்திருக்கிறார்.

கவுண்டர் கம்ப்யூட்டரில் கறுப்புத் திரையைத் திறந்து, அதன் வழியாக ஸ்டோர் ரூம் மெஷினுக்குள் நுழைந்து, ls / என்று அடித்தேன், உள்ளே இருப்பதைக் காட்டச் சொல்லி. இருபது பேர் வரிசையில் வந்து நின்றார்கள். bin, boot, dev, etc, lib, opt, usr, var... நாலு எழுத்துக்கு மேல் செலவு பண்ணினால் கை தேய்ந்துவிடும் போல.

ஜூன் 6, வியாழன்

ஒவ்வொரு ஃபோல்டராக வீடு பார்க்கிற மாதிரி போய்ப் பார்த்தேன்.

bin — குப்பைத்தொட்டி என்று நினைத்துச் சுத்தம் பண்ணப் பார்த்தேன். பார்த்தால் நான் அடிக்கிற ls, நகல் எடுக்கிற cp எல்லாமே அதற்குள்தான் குடியிருக்கின்றன. நல்லவேளை, “அனுமதி இல்லை” என்று மூஞ்சியில் அடித்த மாதிரி சொல்லிவிட்டது. இல்லையென்றால் இருபத்தெட்டாம் தேதி வரை காத்திருக்கவே வேண்டியிருக்காது.

etc — இன்னபிற, சில்லறைச் சாமான் என்று நினைத்தேன். மொத்த மெஷினும் எப்படி நடக்க வேண்டும் என்கிற சட்டதிட்டம் பூராவும் அதில்தான் இருக்கிறது. வீட்டுப் பத்திரத்தைப் பழைய பேப்பரோடு வைக்கிற என் வீட்டுக்காரர் ஞாபகம்தான் வந்தது.

root — மெஷினுக்கே எஜமானரின் அறை. எல்லாரும் home-க்குள் இருக்க, இவருக்கு மட்டும் தனி வீடு. எட்டிப் பார்த்தேன். அனுமதி இல்லை. அதன் பாஸ்வேர்டு டாக்டரம்மாவின் மேஜை டிராயரில் ஒட்டிய கவருக்குள் இருக்கிறது.

dev — மவுஸ், கீபோர்டு, டிஸ்க் எல்லாம் இங்கே ஒரு ஃபைலாம். அதில் null என்று ஒன்று. அதற்குள் எதைப் போட்டாலும் வாங்கிக்கொள்ளும், எதுவும் திரும்பி வராது, ஒரு சத்தமும் கேட்காது. எனக்கு அது புதிதே இல்லை. கல்யாணமாகிப் பதினேழு வருஷம் ஆகிறது, நான் சொல்வது எல்லாம் அங்கேதான் போகிறது.

home — கணக்கு உள்ள ஒவ்வொருவருக்கும் இங்கே ஓர் அறை. மூன்று இருந்தன. டாக்டரம்மாவுக்கு ஒன்று. பென்குயினுக்கு ஒன்று. வேலையை விட்டுப் போனவருக்கு இன்னும் அறை இருக்கிறது! மூன்றாவது counter. அது மேஜையோட பேரு. அதுக்குள்ளதான் நானும் அவளும். பதினோரு வருஷம் வேலை பாத்திருக்கேன், மேஜைக்கு இடம் இருக்கு, எனக்கு இல்ல. ஒரு மெஷின் விஷயத்துக்கு எதுக்கு இப்படி நெஞ்சை அடைக்குதுன்னு தெரியல. ஆனா அடைக்குது.

ஜூன் 7, வெள்ளி

வீட்டுக்காரரிடம் சொன்னேன். “என் தங்கச்சிக்கு இதுதானே வேலை, ஒரு போன் போடேன்” என்றார்.

அவர் தங்கச்சி. என் நாத்தனார். பெரிய பெரிய கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்க்கிறவள். இரண்டு வருஷம் முன்னால் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, “ரிசப்ஷன் வேலைதானே அண்ணி, விட்டாத்தான் என்ன?” என்று கேட்டவள். அன்றிலிருந்து எங்களுக்குள் “நல்லா இருக்கியா”, “நல்லா இருக்கேன் அண்ணி”, அத்தோடு சரி.

அவகிட்ட போய்க் கேக்கறதா? அதுக்கு அந்த ஸ்டோர் ரூமிலேயே குடியேறிடலாம்.

ஜூன் 10, திங்கள்

கண்டுபிடித்தேன்!! நானே!

var என்று ஒரு ஃபோல்டர். நாளுக்கு நாள் வளர்கிற சமாசாரமெல்லாம் அதில்தான். அதற்குள் spool, அதற்குள் xray. ஆயிரத்து முன்னூற்றுப் பன்னிரண்டு படங்கள். 00001-இல் ஆரம்பித்து அத்தனை பேர் வாயும் வரிசையாக. எக்ஸ்ரே அறை ரெஜிஸ்டரில் நம்பருக்கு நேரே பேர் இருக்கிறது. டெக்னீஷியன் கையெழுத்தைப் படிக்கத் தனியாக ஒரு பிறவி எடுக்க வேண்டும், அது வேறு விஷயம். படிக்க முடியாத பேருக்கு அவரவரிடமே போன் போட்டுக் கேட்டுக்கொள்ளலாம்.

வேலை சுலபம். ஒவ்வொரு படத்தையும் ஆளின் பேரில் ஒரு நகல் எடுத்து ஒரே இடத்தில் வைக்க வேண்டும். எந்த இடத்தில்? அங்கேதான் சிக்கல்.

ஜூன் 11, செவ்வாய்

counter-இல் வைக்க மாட்டேன். அது முத்துப்பல்லும் புழங்குகிற இடம். நான் கண் முழி பிதுங்கச் செய்து வைப்பேன், அவள் அதை எடுத்துக்கொண்டு போய் டாக்டரம்மாவிடம் சிரிப்பாள். வேறு எங்கே போனாலும் அனுமதி இல்லை, அனுமதி இல்லை, அனுமதி இல்லை. வங்கி மேனேஜரே இதைவிடத் தன்மையாகப் பேசுவார்.

கடைசியில் tmp என்று ஒன்று கிடைத்தது. யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், கேள்வி கிடையாது. இந்த மெஷினிலேயே என்னை வா, உட்கார் என்று சொன்ன ஒரே இடம். நல்ல மனசு. உள்ளே எனக்கென்று ஒரு ஃபோல்டர் போட்டுக்கொண்டேன். அவள் இங்கெல்லாம் வர மாட்டாள்.

ஜூன் 14, வெள்ளி

இருநூற்று எண்பது முடிந்தது. ஒவ்வொன்றுக்கும் முழு வரி அடிக்க வேண்டும், எங்கிருந்து, எங்கே, என்ன பேர் என்று. விரல் நுனியெல்லாம் காய்த்துவிட்டது.

நான் அடிக்கும்போது முத்துப்பல் எட்டிப் பார்த்தாள். “என்னக்கா பண்றீங்க?” “லெட்டர் அடிக்கிறேன்” என்றேன்.

ஜூன் 18, செவ்வாய்

அறுநூற்று நாற்பது! பாதியை எட்டப் போகிறேன்.

முத்துப்பல் மதியம் லீவு. பிள்ளையின் பள்ளிக்கூடத்தில் மீட்டிங்காம். கவுண்டர் நிம்மதியாக இருந்தது. அது பொறுக்காமல் டாக்டரம்மா ஸ்டோர் ரூமில் இருக்கும், பல் அளவெடுத்த மாவு அச்சுகளை எண்ணிவைக்கச் சொன்னார். அலமாரி பூராவும் ஊரார் தாடைகள் வெள்ளை வெளேரென்று வாயைப் பிளந்துகொண்டிருக்கின்றன. ஜன்னல் இல்லாத அறை, வேர்த்துக் கொட்டியது. டேபிள் ஃபேனை மாட்டிக்கொண்டு எண்ணி முடித்தேன். நூற்றுத் தொண்ணூறு. ஒருத்தருக்கு முன்பல் இல்லை.

ஜூன் 19, புதன்

போச்சு.

எல்லாம் போச்சு. காலையில திறந்தா tmp காலி. ஃபோல்டரே இல்ல. ஆறு நாள் உழைப்பு. ஒண்ணுகூட இல்ல.

அவதான். வேற யாரு? நான் வர்றதுக்கு முன்னாடியே வந்து உக்காந்திருந்தா. எதுவுமே தெரியாத மாதிரி “காபி குடிச்சீங்களாக்கா”ன்னு கேட்டா. எனக்கு எங்கேயிருந்துதான் வந்ததோ — கத்திட்டேன். ஹால்ல ஒன்பது பேர், கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தவங்க எல்லாம் வலியை மறந்துட்டு வேடிக்கை பாத்தாங்க. “அடுத்தவ உழைப்பை அழிச்சுட்டு எப்படிச் சிரிக்க முடியுது உனக்கு?”

அவ எழுந்து பாத்ரூம் பக்கம் போயிட்டா.

அப்புறம் நானும் அழுதேன். அவள் எதிரிலேயே, அவள் திரும்பி வந்த பிறகு. அந்த அசிங்கத்தையும் எழுதி வைக்கிறேன்.

ஜூன் 20, வியாழன்

போன் போட்டேன். நாத்தனாருக்கு.

இரண்டு தரம் ரிங் போவதற்குள் எடுத்துவிட்டாள். “அண்ணி? அண்ணனுக்கு ஏதாவதா?” அவ்வளவு அபூர்வமாகப் பேசியிருக்கிறோம்! அவருக்கு ஒன்றும் இல்லை, எனக்குத்தான் என்று சொல்லி, நடந்ததை எல்லாம் கொட்டினேன்.



“அண்ணி... tmp-லயா வச்சீங்க?”

“ஆமா. அதான் விட்டுச்சு.”

“அது தற்காலிகமா வச்சுக்கற இடம் அண்ணி. மெஷின் ஒரு தடவை ஆஃப் ஆகி ஆன் ஆனா, அதுவே துடைச்சுப் போட்டுடும்.”

என்னை வா, உட்கார் என்று சொன்ன அந்த நல்ல மனசு, பெருக்கித் தள்ளத்தான் கூப்பிட்டிருக்கிறது. யாரும் அழிக்கவில்லை என்றால், மெஷின் எப்போது ஆஃப் ஆனது? அதைப் பார்க்க last என்று ஒரு கட்டளை சொன்னாள். நடந்ததை எல்லாம் மெஷின் var-க்குள் log என்கிற இடத்தில் தானே குறித்து வைத்துக்கொள்ளுமாம்.

“இன்னொண்ணு அண்ணி. நாளைக்கு counter ஃபோல்டருக்குள்ள போய் ls -a போடுங்க. வெறும் ls இல்ல, -a. பேர் முன்னாடி புள்ளி வச்ச ஃபைலெல்லாம் சாதாரணமாப் பாத்தா கண்ணுக்குத் தெரியாது.”

பிறகு, வைக்கப் போகும்போது, “அறுநூத்து நாப்பதா? ஒவ்வொண்ணாவா அடிச்சீங்க?” என்றாள். ஆமாம் என்றேன். “எங்க டீம்ல ஒருத்தனுக்கும் அந்தப் பொறுமை கிடையாது” என்றாள்.

இரண்டு வருஷம் முன்னால் சொன்னதற்கு இது பதிலா? தெரியவில்லை. எடுத்துக்கொண்டேன்.

ஜூன் 21, வெள்ளி

முதலில் last அடித்தேன். மெஷின் புதிதாகக் கிளம்பிய நேரம்: செவ்வாய், ஜூன் 18, மதியம் 2.20.

செவ்வாய் மதியம். இந்த நோட்டையே பின்னால் திருப்பினேன். நான்தான் எழுதியிருக்கிறேன், என் கையாலேயே: முத்துப்பல் மதியம் லீவு. கீழேயே டேபிள் ஃபேனை மாட்டினேன் என்று.

ஸ்டோர் ரூமில் இருப்பது ஒரே ஒரு பிளக் பாயிண்ட். அதிலிருந்து ஏதோ ஒரு வெள்ளை ஒயரை உருவிவிட்டு ஃபேனை மாட்டினேன். போகும்போது பழையபடி மாட்டிவிட்டேன், பொறுப்பாக.

நான்தான். நானே உருவி, நானே அழிச்சு, அவளை ஹால்ல வச்சுக் கத்தி... ஐயோ. மூஞ்சிய எங்க கொண்டுபோய் வச்சுக்கறது?

கொஞ்ச நேரம் கழித்துத்தான் ls -a ஞாபகம் வந்தது. அடித்தேன். புள்ளி வைத்த பேர்கள் இத்தனை நாள் எங்கே ஒளிந்திருந்தனவோ, வரிசையாக வந்தன. அதில் ஒன்று .bash_history. திறந்தால், நான் அடித்த ஒவ்வொரு வரியும் இருக்கிறது! எந்த நம்பர், என்ன பேர், ஒன்று விடாமல். செவ்வாய்க்கிழமை அடித்தது மட்டும் இல்லை. அன்று திரையை முறையாக மூடுவதற்குள் ஒயரை உருவிவிட்டேன் அல்லவா. மற்றபடி ஐந்நூற்றுச் சொச்சம் வரிகள் அப்படியே. திரும்ப ஓடவிட்டால் படங்கள் எல்லாம் திரும்ப வந்துவிடும். இடத்தின் பேரை மட்டும் மாற்ற வேண்டும்.

ஆனால் நடுநடுவே என்னுடையது அல்லாத வரிகளும் இருந்தன. counter எங்கள் இரண்டு பேருக்கும் பொது. அவள் அடித்ததும் அதிலேயே விழுந்திருக்கிறது. காலையில் எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்து அடித்தவை:

help
help me
ithu epdi
padam enga irukku
ls /tmp

அந்த ls /tmp மூன்று நாள் வருகிறது. என் ஃபோல்டரைப் பார்த்திருக்கிறாள். தினமும் எத்தனை முடிந்தது என்று பார்த்திருக்கிறாள். ஒரு படத்தைக்கூடத் தொடவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. கடைசியாக ஒரு வரி, திங்கட்கிழமை:

akka mudichiduvaanga naan poiduven

அக்கா முடிச்சிடுவாங்க, நான் போயிடுவேன். அதை ஒரு மெஷினிடம் சொல்லியிருக்கிறாள். அப்படி ஒரு கட்டளை இல்லை என்று அது பதில் சொல்லியிருக்கும்.

நான் ஸ்டோர் ரூமில் தாடைகளுக்கு நடுவே ஸ்டூலைப் போட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஜூன் 24, திங்கள்

ஹாலில் வைத்துக் கத்தினேன், ஹாலில் வைத்தே மன்னிப்புக் கேட்டேன். பார்வையாளர்கள் இன்று ஏழு பேர். “உன் மேல தப்பே இல்ல. பிளக்கை உருவினது நான்தான். நான் ஒரு லூசு” என்றேன். வாயில் பஞ்சோடு இருந்த ஒரு பெரியவர் தலையாட்டி ஆமோதித்தார்.

முத்துப்பல் சிரிக்கவில்லை. “அதுக்கப்புறம் ரெண்டு நாள் நான் சாப்பிடலக்கா” என்றாள். அவள் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டேன். “வா. ஆயிரத்து முன்னூத்துப் பன்னிரண்டு. counter-லயே வச்சு, ரெண்டு பேரும் சேந்து பாப்போம்.”

“யாராவது ஒருத்தர்னுதானே டாக்டரம்மா...”

“அவங்க சொல்வாங்க. நீ ரெஜிஸ்டரை எடு.”

ஜூன் 25, செவ்வாய்

பேரின் முதல் இரண்டு எழுத்தை அடித்துவிட்டு டேப் கீயைத் தட்டினால், மீதியை மெஷினே எழுதிக்கொள்கிறது. முத்துப்பல் கைதவறித் தட்டிக் கண்டுபிடித்தாளாம், அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். “உங்களுக்குத் தெரியாதாக்கா?” என்று நிஜமாகவே ஆச்சரியப்பட்டாள்.

அறுநூற்று நாற்பது வரி. முழுசு முழுசாக. என் விரல்களே, என்னை மன்னித்துவிடுங்கள்.

டெக்னீஷியன் கையெழுத்தும் அவளுக்குப் புரிகிறது. இந்த இரண்டும் தெரிந்தவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் நான் லெட்டர் அடித்திருக்கிறேன்.

ஜூன் 28, வெள்ளி

கம்பெனிக்காரர் டை கட்டிக்கொண்டு பத்து மணிக்கே வந்துவிட்டார். எங்களிடம் நூற்று நாற்பது படம் பாக்கி.

அவர் லேப்டாப்பை விரித்துக்கொண்டிருக்கும்போதே உள்ளேயிருந்து டாக்டரம்மா குரல். நாற்காலியில் ஒரு அம்மாள், தாடை வீங்கி இருக்கிறது. எடுக்க வேண்டியது எந்த வேர், பழைய காயம் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பார்க்க மூன்று வருஷத்துக்கு முந்தைய படம் வேண்டும். படம் இல்லாமல் கை வைக்க மாட்டேன் என்று கையுறையோடு நிற்கிறார்.

பேரைக் கேட்டேன். முத்துப்பல் இரண்டு எழுத்து அடித்தாள், டேப் தட்டினாள். வரவில்லை. திரும்பத் தட்டினாள். வரவில்லை. அந்த நூற்று நாற்பதில் ஒன்று! அவள் ரெஜிஸ்டரைப் புரட்டினாள், அந்தக் கோழிக் கிறுக்கலுக்குள் விரலை வைத்து, “எண்ணூத்தி பதினாலு அக்கா” என்றாள். நான் நேரே var-க்குள் போய் spool, xray, 00814 என்று திறந்தேன். உள்ளே இருக்கும் பெரிய திரையில் படம் வந்தது.

டாக்டரம்மா பார்த்தார். “ம். நல்லவேளை. நான் பக்கத்துப் பல்லுன்னுல்ல நெனச்சேன்” என்றார். அந்த அம்மாள் வாயைத் திறந்துகொண்டே எங்களைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

மதியம் டாக்டரம்மா கேட்டார், “இதை யார் பண்ணினது?”

நான் அவளைக் காட்டினேன். அதே நேரத்தில் அவள் என்னைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

“எனக்கு ஒரு ஆள்தான் வேணும்னு சொன்னேன்ல?” என்றார். முத்துப்பல் ரெஜிஸ்டரை மூடி வைத்தாள். அவரே கம்பெனிக்காரர் பக்கம் திரும்பி, “அந்த ஆள் நீங்க இல்ல சார். சாரி” என்றார். ஜோக் அடிக்க நேரம் பார்த்தார் பாருங்கள்.

ஜூலை 1, திங்கள்

டிராயரிலிருந்து கவரை எடுத்து என் கையில் கொடுத்தார். எஜமானர் பாஸ்வேர்டு. நாத்தனாருக்குப் போன் போட்டேன். இந்தத் தடவை, “சொல்லுங்க அண்ணி, இன்னிக்கு எதை உருவினீங்க?” என்றாள். முக்கால் மணி நேரம் பேசினோம். அதில் கம்ப்யூட்டர் பத்து நிமிஷம்கூட இருக்காது.

home-இல் இரண்டு புது அறைகள் கட்டினேன். முதலில் அவளுக்கு. அப்புறம் எனக்கு. ls /home என்று அடித்துவிட்டு அந்தத் திரையை ஒரு நிமிஷம் அப்படியே விட்டு வைத்தேன். ஐந்து பேர். நாலாவது அவள், ஐந்தாவது நான். ஹாலில் யாரோ டோக்கன் கேட்டார்கள். கண்ணில் தூசி என்று சொன்னேன்.

ஸ்டோர் ரூம் பிளக் மேல் சிவப்பு டேப் ஒட்டியாயிற்று. “தொடாதே” என்று எழுதி, கீழே அடைப்புக்குறிக்குள் “அக்காவும்தான்” என்று முத்துப்பல் சேர்த்திருக்கிறாள்.

ஜூலை 8, திங்கள்

படங்களை எல்லாம் தனி இடத்துக்கு மாற்றிவிட்டு, பழைய counter ஃபோல்டரைக் காலி பண்ணப் போனேன். பழக்கதோஷத்தில் ls -a அடித்துவிட்டேன். புள்ளி வைத்த பேர் ஒன்று புதிதாக இருந்தது:

.akka_paakkaatheenga

அக்கா பாக்காதீங்க. இப்படிப் பேர் வைத்தால் பார்க்காமல் இருக்க நான் என்ன மகானா? திறந்தேன். தனக்காக எழுதி வைத்துக்கொண்டிருக்கிறாள், அந்த ஆங்கில எழுத்துத் தமிழில். இங்கே நம் எழுத்தில் எழுதி வைக்கிறேன்:

/ — எல்லாம் இங்கேருந்துதான்.
etc — தொடாதே.
var — படம் இங்க இருக்கு. log-உம் இங்கதான். யாராவது திட்டினா முதல்ல அதைப் பாரு.
home — எனக்கு ஒரு ரூம் இருக்கு.
tmp — இங்க எதையும் வைக்கக் கூடாது. அக்கா அழுதாங்க.